‘யார் நடிச்ச படம்?’ – யாழ்ப்பாணத் திரைப்பட விழாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு

விழாக் காலம் நெருங்கினால் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி கட்டாயம் எழும்பும். அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நான் படங்களுக்குக் கோடு போடுவேன். மச்சாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பா: “யார் நடிச்ச படம்?” தெரியாது என்பேன். “பாட்டு ஆர்?” அதுவும் தெரியாது. “அப்ப என்னத்தை நம்பிப் போறது?”

நியாயமான கேள்விதான். யாழ்ப்பாணத்தில் ஒரு படத்துக்குப் போகும் முன் நாம் பாதிப் படத்தைத் தெரிந்துகொண்டுதான் போகிறோம். நடிகர் யார் என்று தெரியும், பாட்டுகள் காதுக்குப் பழகியிருக்கும், முதல் நாள் பார்த்தவன் கதையும் சொல்லியிருப்பான். சர்வதேச விழாவில் இந்தக் கைப்பிடி ஒன்றுமே இல்லை. ஈரானிலிருந்தோ பொலிவியாவிலிருந்தோ வந்த படத்தின் இயக்குநர் பெயரை வாசிக்கவே நாக்குப் புரளாது. பலர் வாசலோடு திரும்புவதற்குக் காரணம் விருப்பமின்மை இல்லை, இந்தத் தயக்கம்தான் என்று நான் நினைக்கிறேன். அந்தத் தயக்கத்தைக் கொஞ்சமாவது கழற்றுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா 2015 செப்டெம்பரில் தொடங்கியது. அதன் பின்னால் நின்று வருபவர் திரைப்பட இயக்குநரும் ஒளிப்படக் கலைஞருமான அனோமா ராஜகருணா. போரால் நின்றுபோயிருந்த கொழும்பு ரெயில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது 2014 ஒக்ரோபரில். அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட முடியவில்லை, விழாவும் வந்துவிட்டது. அதே 2015 மே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் உயர்ந்த விருதான தங்கப் பனையைப் பெற்ற ‘தீபன்’ படத்தில் முக்கிய பாத்திரத்தில் நடித்தவர் எங்கள் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. பிரெஞ்சு இயக்குநர் எடுத்த அந்தப் படத்தின் பெரும்பகுதி தமிழில்தான் பேசுகிறது. உலக விழா மேடைக்கு எங்கள் பேச்சுமொழி போய்ச் சேர்ந்த ஆண்டிலேயே உலகப் படங்களும் எங்கள் ஊருக்கு வந்தன. திட்டமிட்டு நடந்ததில்லை. ஆனாலும் அந்த ஆண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் வரும்.

திரைப்பட விழா என்ற வழக்கம் 1932 இல் வெனிஸில் தொடங்கியது. கான் 1946 இலும் பெர்லின் 1951 இலும் சேர்ந்தன. இலங்கைக்கும் இதில் பழைய உறவு உண்டு. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ 1957 இலேயே கான் போட்டிப் பிரிவில் இருந்தது. 2005 இல் விமுக்தி ஜயசுந்தரவின் முதற்படம், கானில் முதற்பட இயக்குநர்களுக்கென்றே கொடுக்கப்படும் தங்கக் கமரா விருதைப் பெற்றது.

முதற்படம் என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். படத்தைத் தெரிவு செய்வதற்கு அதுதான் என் முதல் அளவுகோல். யாழ்ப்பாண விழாவும் முதற்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் தனி இடம் கொடுத்து வருகிறது. ஒருவர் தன் வாழ்க்கையின் முதல் படத்தை எடுக்கும்போது, பல வருடமாக மனதில் கிடந்து உறுத்திய ஒன்றைத்தான் எடுப்பார். தன் ஊர், தன் தாய், தான் விட்டு ஓடிய வீடு. தொழில்நுட்பத்தில் குறை இருக்கலாம், நடுவில் தொய்யலாம். ஆனால் பொய் குறைவாக இருக்கும். அட்டவணையில் ஒரு பெயரும் தெரியாமல் முழிக்கிறவருக்கு நான் சொல்வது, முதற்படம் என்று குறித்திருப்பதில் ஒன்றை எடுங்கள் என்பதுதான்.

இரண்டாவது அளவுகோல் குறும்படத் தொகுப்பு. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஐந்தாறு படம் வரும். ஒன்று பிடிக்காவிட்டால் பதினைந்து நிமிடத்தில் அது போய்விடும், அடுத்தது வந்துவிடும். விழாவுக்கு முதன்முதலாக வருகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வாசல் கிடையாது. மச்சாளை நான் கூட்டிப்போனதும் ஒரு குறும்படத் தொகுப்புக்குத்தான். நாலு படத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தா. ஐந்தாவது படத்தில் ஒரு வயதான பெண் வீட்டுக் கதவுக்கு உள்ளே நிற்கிறாள், வெளியே மகன் தட்டுகிறான், அவள் திறப்பதில்லை. படம் அங்கேயே முடிந்துவிட்டது. நல்லூரடியில் ஐஸ்கிறீம் குடிக்கும்போது மச்சாள் கேட்டது நடிகையின் பெயரை இல்லை. “அந்த மனிசி ஏன் திறக்கேல்லை?” என்று கேட்டா. அவவுக்கு ஒரு காரணம் தோன்றியிருந்தது, எனக்கு வேறொன்று. கடைக்காரர் கதிரைகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்க்கும்வரை கதைத்துக்கொண்டிருந்தோம்.

மொழிப் பிரச்சினையையும் வெளிப்படையாகப் பேசவேண்டும், அதுதான் பெரிய தடை. உலக விழாக்களைச் சுற்றும் படங்கள் பெரும்பாலும் ஆங்கில உபதலைப்போடுதான் (சப்டைட்டில்) பயணம் செய்கின்றன. ஆங்கிலத்தை வேகமாக வாசிக்க வராதவருக்கு முதல் பத்து நிமிடம் கண் கீழேயே ஓடும், முகங்களைப் பார்க்க நேரம் கிடையாது. இதற்கு நான் கண்ட வழிகள் சில. கதைச்சுருக்கத்தை முதல் நாளே யாரிடமாவது கேட்டுத் தமிழில் தெரிந்துகொண்டு போங்கள். கதை தெரிந்தால் படம் கெட்டுவிடும் என்ற பயம் இந்த வகைப் படங்களுக்குப் பொருந்தாது. நடு வரிசையில் இருங்கள். முன்வரிசையில் இருந்தால் எழுத்துக்கும் முகத்துக்கும் இடையே தலை ஏறி இறங்கியே கழுத்து நோகும். ஒரு வரி தவறினால் விட்டுவிடுங்கள், துரத்தாதீர்கள். நல்ல படம் அதே செய்தியை முகத்திலும் வைத்திருக்கும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் பெற்றோரைக் கூட்டிப்போய்க் காதுக்குள் சொன்னாலும் நல்லதுதான், பக்கத்து இருக்கைக்காரர் முறைக்காத அளவுக்கு. இதோடு விழாக் குழுவிடமும் நாம் கேட்கவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் சில படங்களுக்காவது தமிழ் உபதலைப்பு வேண்டும். பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புப் படிக்கும் மாணவர்கள் இருக்கும் ஊரில் இது முடியாத காரியமில்லை.

சரி, ஏன் இந்த ஊருக்கு இப்படி ஒரு விழா அவ்வளவு முக்கியம்? இதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எங்கள் அப்பாவின் தலைமுறைக்கு யாழ்ப்பாணம் தியேட்டர்களின் ஊர். வெலிங்டன், வின்சர், றீகல், ராணி, ராஜா, மனோகரா, சிறீதர் என்று அவர் விரல்விட்டு எண்ணுவார். ஒவ்வொரு தியேட்டருக்கும் ஒரு ஞாபகம் இருக்கும். எதில் கலரியில் மூட்டைப்பூச்சி கடித்தது, எதில் ஆங்கிலப் படம் ஓடியது என்றெல்லாம் சொல்லுவார். ஓடியது பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்த படம். ஆனால் இங்கேயும் எடுக்க முயன்றார்கள். 1970களில் தர்மசேன பத்திராஜ ‘பொன்மணி’யை யாழ்ப்பாணத்தில் எடுத்தார். சிங்கள இயக்குநர், அப்போது யாழ்ப்பாண வளாகத்தில் (இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்) விரிவுரையாளராக இருந்தவர். கதை எழுதியது காவலூர் இராஜதுரை. சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை என்ன செய்கின்றன என்பதே அந்தப் படம். பாட்டுக்கும் சண்டைக்கும் பழகியிருந்த சனம் அதைக் கைவிட்டுவிட்டது. இப்போது பார்க்கும்போது, எங்கள் முற்றத்தை இவ்வளவு கூர்மையாகப் பார்த்த படங்கள் மிகக் குறைவு என்றே தோன்றுகிறது. அதைப் பார்ப்பதற்கான பழக்கம் அன்று எங்களிடம் இருக்கவில்லை. பார்ப்பதும் பழகித்தான் வரவேண்டும்.

பழகுவதற்குள் காலம் கெட்டது. 1983 யூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. இலங்கைத் தமிழ்ப் படம் என்று கட்டியெழுப்பத் தொடங்கியிருந்த சின்னத் தொழில் அதோடு முறிந்தது. 1990 இல் சண்டை திரும்பவும் மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட காலம் அது. தியேட்டர்கள் ஒவ்வொன்றாக இருண்டன.

என் சின்ன வயதில் படம் என்றால் டெக், வீடியோ கசெற் ஓட்டும் பெட்டி. யாராவது வீட்டில் டெக்கும் ரிவியும் வாடகைக்கு எடுப்பார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் கோடிப்பக்கத்தில் உறுமும். முற்றத்தில் பாய் விரித்து ஒழுங்கை முழுவதும் இருக்கும். ஒருநாள் கடைசிக் காட்சிக்கு முன்னால் எண்ணெய் முடிந்துவிட்டது. வேறு எண்ணெய் இல்லை. இருட்டுக்குள் அப்படியே இருந்தோம். பெரியவர்கள் ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். ஆச்சி சொன்ன முடிவில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். மாமா அதை ஒத்துக்கொள்ளவில்லை. அன்று நான் பார்த்த படத்தின் பெயர் மறந்துபோச்சு, அந்த வாக்குவாதம் மறக்கவில்லை.

திரைப்பட விழாவில் படம் முடிந்தபின் நடக்கும் கலந்துரையாடலைப் பார்க்கும்போது எனக்கு அந்த முற்றம்தான் நினைவுக்கு வரும். விளக்குப் போட்டதும் இயக்குநரோ நடிகரோ முன்னால் வந்து நிற்பார். ஒலிவாங்கி கைமாறும். எங்கள் ஊரில் பெரும்பாலானோர் அந்த நேரத்தில்தான் எழும்பிப் போகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். அந்த அரை மணித்தியாலம் விழாவில் மட்டுமே கிடைக்கும். படத்தைப் பிறகு ஏதாவது செயலியில் பார்த்துவிடலாம். அதை எடுத்தவரை நேருக்கு நேர் நிறுத்தி, “இந்த இடத்தில் எங்களைப் பிழையாகக் காட்டியிருக்கிறீர்கள்” என்று சொல்லும் வாய்ப்பு வீட்டில் வராது. தமிழில் கேளுங்கள். வெளிநாட்டு இயக்குநர், ஆங்கிலத்தில்தான் கேட்கவேண்டும் என்று நினைத்து வாயடைத்து இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இது எங்கள் ஊரில் நடக்கும் விழா. மொழிபெயர்த்துச் சொல்ல அரங்கில் ஒருவராவது இருப்பார்.

இதில் ஒரு கசப்பான நிகழ்வையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஜூட் ரட்ணம் என்ற தமிழ் இயக்குநரின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ ஓர் ஆவணப்படம். 1983 கலவரத்திலிருந்து தப்பிய ஒரு தமிழ்ப் பிள்ளையின் நினைவில் தொடங்கி, ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று கொன்ற கதை வரை போகிறது. 2017 இல் கானில் காட்டப்பட்டது. 2018 யாழ்ப்பாண விழாவில் திரையிட இருந்தது, எதிர்ப்பு எழுந்ததும் நிறுத்தப்பட்டது. எதிர்த்தவர்களின் நோவு எனக்கு விளங்கும். பிள்ளைகளைப் பறிகொடுத்த சனம் இது. அரசு செய்த அழிவுக்கு நீதி கிடைக்காத நிலையில், உள்வீட்டுத் தவறுகளை மட்டும் உலகம் பார்க்கப்போகிறதே என்ற பயம் சும்மா வந்ததில்லை. ஆனாலும் அந்தப் படம் இங்கே ஓடியிருக்கவேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஓடி முடிந்து விளக்குப் போட்டதும் அந்தக் கோபத்தை, அந்தக் கேள்விகளை, யாழ்ப்பாணச் சனம் இயக்குநரின் முகத்துக்கு நேரே கேட்டிருக்கவேண்டும். கேட்பதற்கு எங்களைவிட உரிமை உள்ளவர்கள் யார்? கானில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். யாரைப் பற்றிய படமோ அவர்கள் தங்கள் ஊரில் எல்லோரோடும் இருந்து பார்த்துப் பதில் சொல்லும் சந்தர்ப்பம் போய்விட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. போருக்குப் பிந்திய யாழ்ப்பாணத்தைப் பற்றி வெளியே தெரிந்த படங்கள் சில சிங்கள இயக்குநர்களுடையவை. அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ 2012 இல் வந்தது. ஊருக்குத் திரும்பும் முன்னாள் போராளியின் கதை, தமிழிலேயே பேசும் படம். எங்கள் கதையை மற்றவர்கள் சொல்கிறார்களே என்று சலித்துக்கொள்ளலாம். அதைவிட, அவர்கள் எங்கே சரியாகப் பிடித்திருக்கிறார்கள், எங்கே கோட்டை விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் ஆட்கள் இங்கே உருவாகவேண்டும். எங்கள் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்கள் அப்படிப்பட்ட பார்வையிலிருந்துதான் திடம் பெறும். விழாவுக்கு வரும் உள்ளூர்க் குறும்படங்களில் கமரா வேலை முன்னேறியிருக்கிறது. வசனத்தில்தான் இன்னும் சென்னைக் காற்று அடிக்கிறது. வட்டுக்கோட்டைப் பொடியன் வட்டுக்கோட்டைத் தமிழிலேயே கோபப்படும் ஒரு படத்துக்காக நான் காத்திருக்கிறேன்.

இனிப் போகிற வழி.

விழாவின் திரையிடல்கள் முக்கியமாக இரண்டு இடங்களில் நடந்து வந்திருக்கின்றன. ஒன்று பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கு. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்த விமர்சகர் க. கைலாசபதியின் பெயரில் அமைந்தது. பஸ் நிலையத்திலிருந்து பலாலி வீதியால் போகும் எந்தப் பஸ்ஸிலும் ஏறலாம், பரமேஸ்வராச் சந்திக்குப் போகிறேன் என்று சொன்னால் போதும். ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். மற்றது ஆஸ்பத்திரி வீதியில் காகில்ஸ் கட்டட மாடியில் இருக்கும் மஜெஸ்ரிக் சினிபிளெக்ஸ், பஸ் நிலையத்திலிருந்து நடை தூரம். குளிரூட்டி நன்றாகவே வேலை செய்யும், வயதானவர்களைக் கூட்டிப்போனால் ஒரு சால்வை கொண்டுபோங்கள். எந்தப் படம் எந்த அரங்கில் என்பதை இரண்டு தடவை பாருங்கள். அடுத்தடுத்த படங்கள் வேறு வேறு அரங்கில் இருந்தால் இடையில் அரை மணித்தியாலமாவது வேண்டும்.

திகதி, அட்டவணை, அனுமதி முறை எல்லாம் விழாவின் இணையத்தளத்திலும் முகநூல் பக்கத்திலும் வெளிவரும். அட்டவணையைப் படம்பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு அதையே நம்பி இருக்காதீர்கள், போகிற அன்று காலையிலும் பக்கத்தைப் பாருங்கள். கடைசி நேரத்தில் மாற்றங்கள் வருவதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் பொதுவில் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சபையின் அனுமதி வேண்டும், அந்தக் கடிதம் தாமதமாகலாம். இன்னொன்று தொழில்நுட்பம். இப்போது படங்கள் சுருளாக வருவதில்லை, பூட்டிய டிஜிற்றல் கோப்பாக வருகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியும் ஒரு கோப்புத்தான். குறித்த இயந்திரத்தில், குறித்த நாள் நேரத்துக்குள் மட்டுமே அது வேலை செய்யும். அதனால் “ஆட்கள் வரட்டும், அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்குவம்” என்ற எங்கள் ஊர் வழக்கத்துக்கு எல்லாப் படமும் ஒத்துவராது. நேரத்துக்குப் போய் இருந்துவிடுங்கள். ஒரு படம் பெரும்பாலும் ஒரு தடவைதான் ஓடும்.

ஒரு நாளில் இரண்டு படத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் அனுபவம். மூன்றாவதில் எல்லாக் கதையும் ஒன்றாகக் கலந்துவிடும். இரண்டுக்கும் இடையில் ஒரு பிளேன்ரீயும் ஒரு ரோல்சும் போதும், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இருட்டுக்குள் போய் இருந்தால் நித்திரை வரும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் முதலே கேட்டுப் பாருங்கள். விழாப் படங்களில் வன்முறையோ நிர்வாணமோ எச்சரிக்கை இல்லாமல் வரக்கூடும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு: கொழும்பு கோட்டையிலிருந்து ரெயிலில் ஆறு ஏழு மணித்தியாலம், இரவு பஸ்ஸிலும் வரலாம். ரெயில் இருக்கைகளை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், வார இறுதியில் கிடைப்பது கஷ்டம். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு, 2019 இல் சர்வதேசப் பயணத்துக்குத் திறந்த பலாலி விமான நிலையம் இருக்கிறது, சென்னையிலிருந்து வருவது கொழும்பு சுற்றி வருவதைவிட எவ்வளவோ இலகு. நல்லூர்த் திருவிழாவை ஒட்டி விழா வந்தால் தங்குமிடம் கிடைக்காது, அதை முதலில் பாருங்கள். ஒக்ரோபர், நவம்பரில் வந்தால் மாரி மழை, குடை இல்லாமல் வெளிக்கிட வேண்டாம்.

கடைசியாக, குடாநாட்டுக்குள்ளிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று. பின்னேரப் படம் முடிந்து கலந்துரையாடலும் முடிய இரவாகிவிடும். பருத்தித்துறை, காரைநகர், தீவுப்பக்கம் போகும் பஸ்கள் அதுவரை நிற்காது. இந்தக் காரணத்தாலேயே பலர், அதுவும் பெண்கள், கேள்வி நேரத்துக்கு முன்னால் எழும்பி ஓடுகிறார்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு வான் அல்லது ஓட்டோ பேசி வைத்துக்கொள்ளுங்கள், இரவு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சாரதியிடம் போகும்போதே சொல்லிவிடுங்கள். வழமையாகச் சொல்லும் நேரத்தோடு ஒரு முக்கால் மணித்தியாலம் கூட்டிச் சொல்லுங்கள்.